பத்தொன்பதாவது வீட்டுச் சாயங்காலம்

எங்கள் தெருவில் சாயங்காலம் தானாக வருவதில்லை. நானும் என் மனைவி சௌந்தரமும் அச்சடித்துக் கொடுக்கிறோம். கோவில்பட்டியில் மற்ற தெருக்களில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அங்கே இந்த வேலை பார்க்கிறவர்களைப் பற்றி நல்ல விதமாகக் கேள்விப்படவில்லை.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லினோ பலகை. கெட்டியான ரப்பர் மாதிரி இருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டியதை, அதாவது தெருவிளக்கையும் கொடியில் காயும் வேட்டியையும், சௌந்தரம் முதலில் உளியால் செதுக்கி எடுத்துவிடுவாள். மிச்சப் பலகையில் நான் மஞ்சள் மை உருட்டி ஒவ்வொரு தாளிலும் அழுத்துவேன். எந்த வீட்டுத் தாளில் மஞ்சள் விழுகிறதோ அந்த வீட்டில் வெயில் தாழும். பிறகு அதே பலகையில், மஞ்சளாகவே நிற்க வேண்டியதைச் செதுக்கிவிட்டு, அதே தாள்களின் மேல் ஆரஞ்சு. அப்புறம் சிவப்பு. கடைசியில் கருநீலம். அதற்குள் பலகையில் பாதிக்கு மேல் போயிருக்கும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், எத்தனை வீடு என்று மஞ்சளுக்கு முன்பே எண்ணிவிட வேண்டும். பதினெட்டு வீடு, பதினெட்டுத் தாள்.

உபரியாக ஒன்று போட்டு வைத்தால் என்ன என்று கேட்பார்கள். போட்டுப் பார்த்தோம். அது பறந்துபோய்ப் பால்கார ராமசுப்புவின் தொழுவத்தில் விழுந்து, மாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் இரண்டு தடவை கறந்தார். மறுநாள் மாடு உதைத்தது. அதிலிருந்து எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை.

கருநீலம் முடிந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து நாங்கள் காப்பி குடிப்போம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சௌந்தரத்தின் நகக்கண்ணில் இருக்கிற மையைத் துடைத்துவிடுவேன். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். வேலை நேரத்தில் நான் சிடுமூஞ்சி; தாள் ஒரு நூல் விலகினாலும் அவள் மேல்தான் எரிந்து விழுவேன். அந்தக் காப்பி நேரத்தில் மட்டும் நான் நல்லவன். அதை நம்பித்தான் அவள் என்னோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று நினைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினெட்டுத் தாளிலும் ஆரஞ்சு முடித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். சௌந்தரம் சிவப்புக்கான செதுக்கலையும் முடித்துவிட்டாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

“அண்ணாச்சி, எங்க வீட்ல மட்டும் வெயில் இறங்கவே மாட்டேங்கு. பிள்ள கண்ண மூட மாட்டேங்கான்.”

“எந்த வீடும்மா?”

“பூட்டிக் கெடந்துச்சுல்லா, வேப்பமரத்து வீடு. மத்தியானந்தான் சாமான் எறக்குனோம்.”

அவள் பெயர் செண்பகவல்லி. வேப்பமரத்து வீட்டை நாங்கள் எண்ணியிருக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் எதற்கு? நாளையிலிருந்து சேர்த்துக்கொள்கிறோம் என்றேன்.

“நாளைக்கு எப்படி அண்ணாச்சி வரும்?” என்றாள்.

நியாயமான கேள்விதான். செவ்வாய் இருட்டாத வீட்டில் புதன் விடியாது. அவள் கணவன் வேல்ச்சாமி ஒடிசா பக்கம் போர்வெல் போடுகிற லாரியில் வேலை பார்க்கிறான். பிள்ளை பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லை. புதன் காலை ரயிலில் வந்து, அன்று ராத்திரியே திரும்ப வண்டி ஏற வேண்டும்.

“அவுக புதங்கெழம வந்து கதவத் தட்டுவாக. நாங்க செவ்வாக்கெழமைக்குள்ள உக்காந்திருப்போம்” என்றாள்.

மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வேண்டிய பலகை ஏற்கெனவே செதுக்கிப் போய்விட்டது. புதுத் தாள் ஒன்றை எடுத்து நேரே சிவப்பை அழுத்திப் பார்த்தேன். வேப்பமரத்து வீட்டில் உச்சி வெயில் சட்டென்று சிவந்தது. தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டு அலறினான். அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் இல்லாத சிவப்பு நிற்காது. கொஞ்ச நேரத்தில் அது வழிந்து போய் மறுபடி மத்தியானம் ஆகிவிட்டது. சௌந்தரம் அவளை எங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொன்னாள். அவளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். எங்கள் கூடம் முழுக்க ஆரஞ்சாக இருந்தது. அவள் நிழல் மட்டும் மத்தியான நிழலாகக் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. எங்கள் தாளைக் கொடுத்துவிடலாம் என்றால், நாங்கள் செவ்வாயில் நின்றுவிட்டால் புதன்கிழமை சாயங்காலத்தை யார் அடிப்பது?

சௌந்தரம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கொடியில் தொங்கிய தாள்களைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“ஆளுக்கு ஒரு வெரக்கட கேப்போம். தாள்ல ஒரு வெரல் அகலந்தான” என்றாள்.

வீடு வீடாகப் போனோம். தன் தாளில் எந்த இடத்தில் எது நடக்கும் என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். மளிகைக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி, என் வியாபாரமே சாயங்காலந்தான் என்று முதலில் முறுக்கிக்கொண்டார். அப்புறம் யோசித்து, “எம் மச்சினன் வந்து உக்காந்து இருமுற நேரம் ஒண்ணு இருக்கு. அத வெட்டிக்கோங்க. தாராளமா” என்றார். டியூஷன் எடுக்கும் பிச்சையா சார் வாய்ப்பாடு ஒப்பிக்கிற நேரத்தைக் கொடுத்தார். ஒரு வீட்டில் கொசு மொய்க்கிற நேரம், ஒரு வீட்டில் கரண்டு போகிற நேரம். ராமசுப்பு எங்களைப் பார்க்காமலேயே கத்தரியை வாங்கி, பால் கறக்கிற நேரத்தில் நறுக்கென்று ஒரு துண்டு வெட்டி, “மாடு ஒரு நா சும்மா இருக்கட்டும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்று எங்கள் தெருவில் ஆரஞ்சு ரொம்ப நேரம் நின்றது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் தாள். சௌந்தரம் என்னைக் கேட்கவில்லை. காப்பி நேரத்தை நான்கு விரல் அகலத்துக்கு அப்படியே வெட்டி எடுத்தாள்.

“அத ஏன் எடுத்த? கொழாயடிச் சண்ட நேரம் இருக்குல்லா?”

“மத்தவுக குடுத்ததப் பாத்தீகல்லா? இந்தத் தெருவுல அந்தப் பிள்ளைக்கு மொத சாயங்காலம். ஒண்ணாவது நல்லதா இருக்கட்டும்.”

நான் பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டேன். துண்டுகளை மைதாப் பசை தடவி வரிசையாக ஒட்டினேன். ஓரங்கள் நேராக இல்லை. எந்த இரண்டு துண்டும் சரியாகச் சேரவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். பத்தொன்பது தாளிலும் சிவப்பை அழுத்தினேன். வேப்பமரத்து வீடு இந்தத் தடவை மெதுவாகச் சிவந்தது. பிள்ளை கொட்டாவி விட்டான். செண்பகவல்லி சத்தம் போடாமல் எழுந்து அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நேரமாகிவிட்டதால் கருநீலத்துக்கான செதுக்கலைச் சௌந்தரம் அவசர அவசரமாகச் செய்தாள். உளி சறுக்கிக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

“தாள்ல ரத்தம் பட்டுறாம” என்றேன்.

அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் பலகையைத் தள்ளினாள். நான் நீலத்தை உருட்டினேன். தெரு இருட்டியது. வேப்பமரத்து வீட்டுப் பக்கமிருந்து இரண்டாம் வாய்ப்பாடு கேட்டது. பிறகு யாரோ இருமினார்கள். பிறகு கரண்டு போனது. பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டில் நான் ரோலரைக் கீழே வைத்ததும் படுக்கிற நேரமாகிவிட்டது. அவள் விரலைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. அந்த நேரத்தைத்தான் வெட்டிக் கொடுத்துவிட்டோமே. பின்வாசல் பக்கச் சுவரில் நான்கு விரல் அகலத்துக்கு மத்தியான வெயில் மிச்சமிருந்தது. கண் கூசாமல் இருக்க அதன் மேல் துண்டைத் தொங்கவிட்டேன். சௌந்தரம் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கினாளா என்று தெரியவில்லை. நான் தூங்கவில்லை.

புதன்கிழமை எல்லா வீட்டிலும் விடிந்தது. வேப்பமரத்து வீட்டில் துண்டு துண்டாக விடிந்தது என்று தனுஷ்கோடி அண்ணாச்சி சொன்னார். சௌந்தரம் எனக்கு முன்பே எழுந்து, புதுப் பலகையைத் துடைத்து உளியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுகிற நேரத்தில் செண்பகவல்லி வந்தாள். பின்னால் புழுதி படிந்த தலையோடு ஒரு நெட்டையன், வேல்ச்சாமி. பிள்ளை அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். அவன் சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்திருந்தது.

“ஒண்ணுக்கு இருந்துட்டான்” என்றான், பரிசு வாங்கியவன் போல. “மாத்தல. ராத்திரி வண்டிக்கு இப்படியேதான் போகப் போறேன்.”

செண்பகவல்லி கழுவித் துடைத்த இரண்டு டம்ளர்களை நீட்டினாள். எங்கள் வீட்டு டம்ளர்கள்.

“நேத்து எங்க வாசப்படியில காப்பி குடிச்சிட்டு விட்டுட்டு வந்துட்டீக, அண்ணாச்சி. பிள்ள மதினி மடியிலதான் தூங்குனான். எறக்கிப் போடவே மனசு வரல.”

வெட்டிக் கொடுத்த காப்பி நேரம் அங்கே போய் நடந்திருக்கிறது; எனக்குத்தான் நினைவில்லை. “நான் ஏதும் கத்துனேனா?” என்று கேட்டேன்.

“இல்லயே. நீங்க ஒண்ணுமே பேசல. மதினி வெரலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீக.”

சௌந்தரம் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தாள். கட்டைவிரலில் மஞ்சள்தூள் அப்பிய துணி சுற்றியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் வேட்டியின் ஓரம் அதே அகலத்துக்குக் கிழிந்திருந்தது. முடிச்சும் நான் போடுகிற முடிச்சுதான். ஆனால் இறுக்காமல் போட்டிருந்தது.

டம்ளர்களை வாங்கி அலமாரியில் கவிழ்த்துவிட்டுப் பத்தொன்பது தாள் எண்ணி வைத்தேன்.

“இன்னிக்கும் இதே மாதிரி இறுக்காமக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டு, சௌந்தரம் உளியை எடுத்துத் தெருவிளக்கைச் செதுக்க ஆரம்பித்தாள்.