பிரேக் தூசி

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒரு திருகாணி புதிதாக இருந்துவிட்டால் போதும், வீட்டில் எழவு விழுந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கிறுக்கை நம்பித்தான் பிரேக்காரர் குடும்பம் நடத்தினார், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

பிரேக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். எஞ்சின் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்க மாட்டார். சக்கரத்துக்குள் இருக்கும் டிரம், டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ, ஷூவின் முதுகில் ஒட்டிய லைனிங் என்னும் தடித்த பட்டை. இதுதான் அவருடைய ராஜ்ஜியம். பட்டையைச் சும்மா ஒட்டி மாட்டினால் பிரேக் பிடிக்காது. டிரம்மின் உள்சுவரில் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை உள்ளே வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அந்த மேட்டை மட்டும் அரம் போட்டு ராவ வேண்டும். மறுபடி சாக்பீஸ், மறுபடி அரம். பட்டை முழுக்க ஒரே சீராக வெள்ளை ஒட்டும்வரை விடமாட்டார். ராவிய தூளை வாயால் ஊதுவார். டிரம்முக்குள் தங்கியதைக் காற்றுக்குழாயால் அடிப்பார். சாயங்காலம் பார்த்தால் ஷெட் மாவு மில் மாதிரி இருக்கும்.

லைனிங்கும் அந்தக் காலத்துச் சரக்குதான். மூடிப்போன ஓர் உதிரிபாகக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக அள்ளிவந்து பூட்டிவைத்திருந்தார். "இப்ப வர்றதெல்லாம் அட்டை. இதுதான் லைனிங்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். அவர்களும் சிலையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஷெட் பின்தெருவில். வீட்டுக்கு வந்ததும் மனைவி சட்டையைக் கழற்ற வைப்பாள். அந்தத் தூளோடு தண்ணீரில் போட்டால் கூழாகித் துணியில் அப்பிக்கொள்ளும். அதனால் முதலில் கொல்லைப்புறச் சுவரில் பட் பட்டென்று அடித்து உதறுவாள்.

"ஷெட்டையே சட்டைப் பையில போட்டுக் கொண்டாந்துட்டீங்களா? நாளைக்கு மறக்காம அந்தக் காரையும் போட்டுக்கிட்டு வாங்க" என்பாள். தூள் கிளம்பும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமான நாள்முதல் இந்த வேலையை வேறு யாரிடமும் அவள் விட்டதில்லை.

முதலில் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு படியே இல்லாமலும் வாங்கியது. வயசாச்சு என்றாள், உடம்பு பெருத்துப் போச்சு என்றாள். பெருத்த உடம்பு இளைத்து, ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்து இறக்கினார்கள். அதில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கட்டில் ஓரம் நின்று கேட்டாள்: "நீங்க எங்கயாவது ஃபேக்டரியில வேலை பார்த்திருக்கீங்களா? கூரை ஷீட்டு கம்பெனி, கப்பல் உடைக்கிற இடம், அந்த மாதிரி?"

"நானா? அடுப்படியில இருந்து கொல்லைக்குப் போவேன், கொல்லையில இருந்து அடுப்படிக்கு வருவேன். கப்பலை நான் படத்துலதான் பார்த்திருக்கேன்" என்றாள் மனைவி. பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிரேக்காரரை வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பழைய கார்ம்மா. பிரேக் வேலை."

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். "உங்க துணியை யார் துவைப்பாங்க?"

"அவதான். வேற யாரையும் தொட விடமாட்டா" என்றார் பிரேக்காரர். சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. அதன் இழை கண்ணுக்கே தெரியாது. நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. வருஷக்கணக்காகச் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் புற்றாக முளைக்கும். வேலை செய்தவனை விட்டுவிட்டு, அவன் துணியை உதறியவளைப் பிடித்த கதைகள் உலகத்தில் நிறைய. முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"இனிமே அந்தத் துணி வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. யாரும் உதறக்கூடாது. புரியுதா? எதனால வந்துச்சுன்னு அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னறையில் படுக்க வைத்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உங்களுக்கு எவ்வளவு அலைச்சல்" என்றாள். அதற்குமேல் எந்த வாயால் சொல்வது? போகிறவள் தன்னைக் கொலைகாரனாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டுமா என்று நினைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது அவளுடைய அந்தக் கனிந்த பார்வை ஒன்றுதான். அதை இழக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது கொல்லையிலிருந்து பட் பட்டென்று சத்தம் கேட்டது. மகளும் மருமகனும் மாடியில்தான் குடியிருந்தார்கள். மருமகன் அவரோடு ஷெட்டில் வேலை பார்ப்பவன். அவனுடைய சட்டையை மகள் உதறிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அன்றைக்கே உடைத்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் மகளிடம் சொன்னால் தாய்க்குப் போகும், மருமகனிடம் சொன்னால் மகளுக்குப் போகும். அந்த வீட்டில் ஒருவர் காதில் விழுந்தது மற்றவர் காதில் விழாமல் இருந்ததே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் மனிதர்.

மறுநாள் மருமகனிடம், "மாப்ளே, பழைய லைனிங்கை விட்டுடுவோம். புதுசு வாங்கி மாட்டிடலாம்" என்றார்.

அவன் அரத்தைக் கீழே வைத்தான். "என்ன மாமா, உங்க வாயில இருந்தா இது வருது? பெரிய வீட்டுக்காரர் வண்டி பழைய கார் ஊர்வலத்துக்குப் போகுது. ஒரிஜினல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"அப்ப தண்ணி தெளிச்சு ராவு."

"டிரம்முல ஒரு சொட்டு பட்டாலும் துரு பிடிச்சிடும்னு காது கிழியக் கத்துவீங்களே, மறந்துட்டீங்களா?" அவன் சிரித்துவிட்டு ஷூவை ஊதினான். தூள் பறந்து அவன் மீசையில் படிந்தது. பிரேக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

துணியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். "மாமாவுக்குத் திடீர்னு சுத்தம் வந்துடுச்சு" என்று கேலி செய்துவிட்டு அவன் அப்படியே வீட்டுக்கு வந்தான். அழுக்குத் துணி மூட்டையைத் தானே துவைக்க எடுத்தார். "மருமகன் துணியை மாமனார் துவைச்சா பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? என் மானத்தை வாங்காதீங்கப்பா" என்று மகள் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"அந்தத் துணி வாடை அம்மாவுக்கு ஆகலம்மா. மூச்சு முட்டுது. கொல்லையில வச்சு உதறாதே."

"ஐயோ, தெரியாம போச்சேப்பா" என்றாள் மகள்.

மறுநாளிலிருந்து கொல்லையில் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது பிரேக்காரருக்கு. தொல்லை விட்டதென்று ஷெட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் தலை வாரிவிட்டார், கால் பிடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் செய்யாததையெல்லாம் செய்தார். "சாகப் போறேன்னா இவ்வளவு மரியாதையா? முன்னமே தெரிஞ்சா அப்பப்ப செத்துப் பார்த்திருப்பேன்" என்று அவள் கிண்டல் செய்தாள்.

ஒரு மத்தியானம் வெந்நீர் எடுக்கப் போனவர், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையிலிருந்து தொம் தொம்மென்று ஏதோ கேட்டு நின்றார். கதவு சாத்தியிருந்தது. தள்ளினார்.

ஜன்னலில்லாத அறை. ஒற்றை பல்பின் வெளிச்சம் புகைமூட்டம் மாதிரி தெரிந்தது. நடுவில் மகள் சட்டையைப் பழைய பீரோவில் அடித்துக்கொண்டிருந்தாள். புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை.

"கண்ணு கரிக்குதுப்பா" என்று சிரித்தாள்.

"இங்க... இங்க என்னடி பண்றே?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க, அம்மாவுக்கு வாடை ஆகாதுன்னு? அன்னையில இருந்து இங்கதான். கதவைச் சாத்திட்டா ஒரு துளி வெளிய போகாது."

கொல்லைக் காற்றாவது பாதியை அடித்துக்கொண்டு போயிருக்கும். அதையும் கெடுத்தது அவருடைய பொய். பிரேக்காரர் அவள் கையைப் பற்றி வெளியே இழுத்தார். சட்டை அவள் பிடியிலிருந்து வரவில்லை. "போடு! போடுடி அதை! உங்கம்மாவைக் கொன்னது அந்தத் தூள்தான்டி!" என்று அலறினார்.

வீடு சின்ன வீடு. முன்னறைக்கு எல்லாமே கேட்கும்.

"இங்க வாங்க" என்றாள் மனைவி.

அவர் போய்க் கட்டில் காலடியில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா சொன்னது, லைனிங், இழை, எல்லாம். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் என்னவோ அடுப்புப் புகைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா அந்தச் சட்டையை என் கண்ணுலயே காட்டியிருக்க மாட்டீங்க." மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினாள். "அதுக்குப் போய் அழுவாங்களா?"

பிரேக்காரர் குழந்தை மாதிரி தேம்பினார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்றிருந்தது. அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தாள்.

"டாக்டரம்மா உங்ககிட்ட இதை எப்ப சொன்னாங்க?"

"நாம ஆஸ்பத்திரியில இருக்கும்போதே."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் மகள் தலையெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாள். அவளையே பார்த்தபடி மனைவி கேட்டாள்:

"அதுக்கப்புறம் அவ எத்தனை சட்டை உதறியிருப்பா?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியலம்மா" என்றார்.

"என் மூஞ்சி இன்னும் எத்தனை நாளைக்குங்க? அவ மூஞ்சியைப் பார்க்கத் தோணலையா உங்களுக்கு?"

இருமல் வந்தது. தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினார். "என்னைத் தொடாதீங்க. போய் மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க. அந்தப் புள்ள இப்பவும் ஊதிக்கிட்டு இருக்கும்" என்றாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அன்று ஷெட்டைப் பூட்டியது பூட்டியதுதான். பெரிய வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவள் இருந்த கொஞ்ச நாளில் மகளோடு பேசினாள், மருமகனோடு பேசினாள், பார்க்க வந்தவர்களோடு சிரித்துக்கூடப் பேசினாள். அவரோடு பேசவில்லை. காலையில் எழுந்ததும் மகளைக் கட்டிலில் உட்கார வைத்து, "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பாள். அவள் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பாள். தனக்கு மூச்சு முட்டும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். பிரேக்காரர் வாசற்படியில் நின்று மனைவியின் முகத்தையே பார்ப்பார். என்ன கேட்டது என்று அவள் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.