அமரர் ஊர்தியில் ஓர் ஆமை

மின்சாரக் கார்களுக்கான பேட்டரி செல்லின் விலை இறங்கிக்கொண்டே வருகிறது என்ற செய்தியை என் அண்ணன் ஃபிரெடி தினமும் காலையில் எனக்குப் படித்துக் காட்டுவான்.

"பாத்தியா பாமி, இந்த வாரமும் இறங்கிடுச்சு."

"நல்லது."

"இன்னும் ஆறு மாசம் பொறுத்தா பாதி விலைக்கு வந்துடும்லா."

ஆறு மாதத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னான்.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் எங்கள் குடும்பத்துக்கு ஈமச்சடங்குத் தொழில். அப்பா இருந்தவரை டீசல் வண்டிதான். அண்ணன் பொறுப்புக்கு வந்ததும் அதை விற்றான். ஜப்பானிலிருந்து வந்த பழைய மின்சார வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கம் பெட்டி வைக்க வசதி செய்து, அமரர் ஊர்தியாக மாற்றினான். ஜப்பானில் அது ஒரு பூக்கடையின் வண்டி. பக்கவாட்டில் வரைந்திருந்த லில்லிப் பூக்களை அவன் அழிக்கவில்லை. தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கிறதாம்.

வேன் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பேட்டரி களைத்துப் போயிருந்தது. புதிதில் ஒரு சார்ஜுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். எங்களிடம் வந்தபோது எண்பது ஓடினால் அதிகம். ஏர்கான் போட்டால் அதுவும் குறையும். வழியில் சார்ஜ் செய்யலாம் என்றால் அதன் பிளக் பழைய மாதிரி. மலாக்கா நகரத்து வேகச் சார்ஜர் எதிலும் பொருந்தவில்லை. வீட்டு பிளக்கில் மாட்டி இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும்.

பாச்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் தேவன் அண்ணனிடம் செல்களை மாற்ற என்ன ஆகும் என்று கேட்டோம். அவர் சொன்ன தொகை, வேனை வாங்கிய தொகையைவிட அதிகம். ஃபிரெடி அண்ணன் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தான். அவன் சிகரெட்டை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

நான் வேதியியல் படித்தவள். அதனால் வீட்டில் வாட்டர் ஹீட்டர் முதல் வானிலைவரை எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

"நீயே சொல்லு. விலை இறங்குதா இல்லையா?"

"செல் விலை இறங்குது அண்ணே. அது ஃபேக்டரி வாசல்ல, கப்பல் கணக்குல வாங்குறவங்களுக்கு. நமக்கு ஒரே ஒரு வேனுக்கு வேணும். செல்லைச் சுத்தி ஒரு கூடு இருக்கு, அதைக் கவனிக்க ஒரு போர்டு இருக்கு. கப்பல் கூலி, வரி. அப்புறம் தேவன் அண்ணனும் சாப்பிடணும்."

"அப்ப உலகத்துல இறங்குற விலை பாச்சாங்குக்கு எப்பதான் வரும்?"

"வரும். மெதுவா."

அவன் காத்திருக்க முடிவு செய்தான். அதுவரை பக்கத்துச் சாவுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். யார் இறந்தாலும் அவன் முதலில் கேட்டது எந்தக் கல்லறை என்பதைத்தான்.

அந்தோணிராஜ் அங்கிள் இறந்தபோது மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டான்.

அங்கிள் முப்பது வருடம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். வீடு மெர்லிமாவில். இறுதிப் பூசை மலாக்கா நகரத்து மாதா கோயிலில். அடக்கம் நகரத்துக்கு வெளியே உள்ள கல்லறையில். மாநிலத்தில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கரில் பாதிப் பேராவது வருவார்கள். நல்லபடியாக முடிந்தால் பல வருடங்களுக்கு எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டியோடு வண்டி நடுரோட்டில் நின்றால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். வடக்கே கூலிம் வரைக்கும் கதை போய்விடும்.

"ஒரு நாளைக்கு டீசல் வண்டி வாடகைக்கு எடுக்கலாமே?" என்றேன்.

"எடுத்தா, ஃபிரெடிகிட்ட சொந்த வண்டி இல்லேன்னு சொல்லிடுவானுங்க."

நான் கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறை. பேட்டரி தாங்கும். ஆனால் ஏர்கான் கூடாது, பெட்டியோடு ஆட்கள் ஏறக் கூடாது, வேறெங்கும் திரும்பக் கூடாது. அண்ணன் மூன்றுக்கும் தலையாட்டினான். குடும்பத்தாரிடம் இதை நயமாகச் சொல்ல வேண்டியது நான் என்றும் முடிவு செய்தான். பெண்பிள்ளை சொன்னால் கேட்பார்களாம்.

காலையில் பெட்டியை ஏற்றியதும் அங்கிளின் மனைவி ஜெயமேரி ஆன்ட்டி முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஏர்கானைப் போடுப்பா. அவருக்கு வேர்வையே ஆகாது."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன இருக்கையில் இருந்தேன். ஏர்கான் ஓடத் தொடங்கியது. பிறகு மலர்வளையங்கள் வந்தன. மலர்வளையங்களைப் பிடித்துக்கொள்ள, அங்கிளின் தம்பிகளான இரண்டு சித்தப்பாக்கள் ஏறினார்கள். இருவரும் நல்ல உடம்புக்காரர்கள்.

மூத்த மகன் வின்சென்ட் ஜன்னல் அருகே வந்தார்.

"பிரதர், போற வழியில தெங்கேரா போயிட்டுப் போவோம். எங்க தேவமலர் அத்தை படுத்த படுக்கையா இருக்காங்க. ரெண்டு நிமிஷம் முகத்தைப் பாக்கட்டும்."

தெங்கேரா போகிற வழியில் இல்லை. கோயிலைத் தாண்டி அந்தப் பக்கம். அண்ணன் மறுபடி கண்ணாடியில் பார்த்தான். இப்போது நான் சொல்ல வேண்டும். முந்தின இரவு கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்.

"அண்ணே," என்றேன்.

"சொல்லும்மா."

"பூவெல்லாம் அழகா இருக்கு."

"ஜாசின்ல சொல்லிக் கட்டினது," என்றார் வின்சென்ட். வண்டி கிளம்பியது.

அண்ணன் மெதுவாக ஓட்டினான். வேகம் குறைந்தால் பேட்டரி நீளும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பின்னால் முப்பது கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. அவற்றுக்குப் பின்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று, இரண்டு பள்ளி பஸ், ஒரு டிராக்டர். டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது.

அண்ணனின் போன் அடித்தது. வின்சென்ட்.

"என்ன பிரதர், இவ்வளவு ஸ்லோ? எங்க அப்பா ஓட்டியிருந்தா இந்நேரம் ஜொகூர் போயிருப்பார்."

"மரியாதைக்குத்தான் அண்ணே," என்றான் என் அண்ணன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்லது பிரதர்," என்றார் வின்சென்ட். குரல் கனத்திருந்தது.

தெங்கேராவில் இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. ஏர்கானை நிறுத்த வேண்டாம் என்று இரண்டு சித்தப்பாக்களும் சொன்னார்கள். அங்கிருந்து கிளம்பும்போது, அங்கிளோடு பஸ் ஓட்டியவர்கள் காப்பிக்கடை வாசலில் நிற்கிறார்கள், அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று செய்தி வந்தது. போனோம். பஸ் டிரைவர்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

"ஹார்ன் அடிங்க தம்பி, அவருக்காக," என்றார் ஒருவர்.

அண்ணன் அடித்தான். பூக்கடை வண்டியின் ஹார்ன். கோழிக்குஞ்சு கத்தியது போல இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பூசை நடந்த நேரத்தில் வண்டியைச் சார்ஜில் போடலாம் என்று அண்ணன் கோயிலைச் சுற்றி வந்தான். வாசலில் இருந்த ஒரே பிளக்கில் பாடகர் குழுவின் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வெளியே பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தவனுங்க எல்லாம் மீன் லோரி மாதிரி கொண்டுபோறானுங்க. இந்தத் தம்பியப் பாரேன். பூப்போல கொண்டு வந்துச்சு."

"வண்டியில சத்தமே இல்ல, கவனிச்சியா? நாம அழுவுறது நமக்கே கேக்குது."

கல்லறைக்குப் போகும் சாலையில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன ஆமை எரிந்தது. பேட்டரி தீரப் போகிறது, இனி ஊரத்தான் முடியும் என்று வண்டி சொல்லும் அடையாளம் அது.

"இது என்ன தம்பி, ஆமை?" என்றார் ஜெயமேரி ஆன்ட்டி.

அண்ணனின் காதுகள் சிவந்தன.

"மெதுவா போறப்ப வரும், ஆன்ட்டி," என்றேன். அதில் பொய் இல்லை.

ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஏர்கானை அணைத்தார். சித்தப்பாக்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்கள்.

கடைசிச் சாலை லேசான மேடு. வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னால் காரில் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். யாரோ ஜெபமாலை ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் பக்கத்தில் வந்து லில்லிப் பூக்களின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நடந்தார். அவரைவிட நாங்கள் கொஞ்சம் மெதுவாகப் போனதால் அடிக்கடி நின்று காத்திருந்தார்.

கல்லறை வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது வண்டி நின்றது.

டீசல் வண்டி என்றால் இருமி, குலுங்கி, புகை விட்டு, ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் நிற்கும். இது நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பவர்களுக்கு அவனும் ஜெபிப்பது போலத்தான் இருந்திருக்கும். உண்மையிலேயே ஜெபித்தானோ என்னவோ.

ஜெபமாலையில் பத்து மந்திரம் முடிந்தது. வண்டி நகரவில்லை. தலைகள் திரும்பத் தொடங்கின.

"பாமி," என்றான் அண்ணன், உதடு அசையாமல். "எதாவது செய்யி."

பின்கதவைத் திறந்து இறங்கினேன். நூறு பேருக்கு மேல் என்னைப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் முன்னால் ஆய்வறிக்கை படித்தபோதே எனக்குக் குரல் எழும்பவில்லை.

வின்சென்ட் வந்தார். "என்னம்மா?"

"இங்கிருந்து," என்றேன். "இங்கிருந்து பிள்ளைங்க தோள்ல சுமக்கலாம்."

சுமக்கலாம்தான். வேறு வழியும் இல்லை.

வின்சென்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க தாத்தாவை அப்படித்தான் கொண்டுபோனோம். இப்ப உள்ளவங்க எல்லாம் குழி வரைக்கும் வண்டியிலயே கொண்டுபோய் இறக்கிடுறாங்க. நீங்கதாம்மா இதையெல்லாம் நினைச்சுப் பாக்குறீங்க."

முன்பக்கம் யார் பிடிப்பது என்று வின்சென்டின் தம்பிகளுக்குள் சின்னத் தகராறு வந்தது. சித்தப்பாக்கள் விலக்கிவிட்டார்கள். பெட்டி தோள்களில் ஏறியது. எல்லோரும் பின்னால் போனார்கள். சாலையில் வண்டியும் அண்ணனும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

எதிரில் கல்லறையைக் கூட்டிப் பராமரிக்கும் பவானேஸ்வரி அக்காவின் வீடு. அண்ணன் போய்ப் பேசினான். அவர் சமையலறை ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டார்.

"சோத்துக் குக்கரைக் கழட்டிட்டுத்தான் மாட்டணும்," என்றார். "ரெண்டையும் போட்டா மெயின் சுவிட்ச் விழுந்துடும்."

அடக்கம் முடிந்து கூட்டம் திரும்பியபோது ஜெயமேரி ஆன்ட்டி தனியாக வண்டிப் பக்கம் வந்தார். வயரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"பேட்டரி போச்சா?"

"ஆமா ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இப்படி ஒரு சாவை இந்த ஊரே பாத்ததில்லேன்னு பேசிக்கிறாங்க. அதைக் கெடுத்துடாதீங்க ரெண்டு பேரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்ப்பக்கம் நடந்தார். நாலு அடி போனதும் திரும்பினார். "யாராவது வயரைப் பத்திக் கேட்டா, ரேடியோன்னு சொல்லு."

யாரும் கேட்கவில்லை. ஆனால் சுசீலா என்ற அம்மா வந்து அண்ணனிடம் கார்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

"இதே மாதிரிதான் வேணும் தம்பி. மெதுவா. தோள்ல சுமக்குறது எல்லாம். அதுக்குத் தனி சார்ஜா?"

அண்ணன் வாயைத் திறந்தான்.

"இல்லம்மா, ஒரே விலைதான்," என்றேன் நான் முந்திக்கொண்டு.

"வீடு எங்கம்மா?" என்று கேட்டான் அண்ணன், இந்த முறை மறக்காமல்.

"தம்பின்."

தம்பின் மாநில எல்லையைத் தாண்டி இருக்கிறது. அவர் போனதும் அண்ணன் சாலையோரத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து தேவன் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, அந்த செல் மாத்துறது. ஆர்டர் பண்ணிடுங்க."

"இப்பவா? அடுத்த மாசம் புது சரக்கு வருது. விலை கொஞ்சம் இறங்கும். பொறுங்க தம்பி."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வருடமாக அவன் காத்திருந்த செய்தி இதுதான்.

"வேணாம்ணே. இன்னைக்கு இருக்குற விலைக்கே போடுங்க."

போனை வைத்தான்.

"காசு?" என்றேன்.

"என் கல்யாணத்துக்குப் போட்டு வச்சதுல எடுத்துக்கலாம். மண்டப விலையும் இறங்கும்லா."

"அப்படி ஒண்ணும் செய்தி வரல அண்ணே."

"எப்படியும் முதல்ல பொண்ணு பாக்கணும்ல," என்றான். எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

பவானேஸ்வரி அக்கா அரிசி கழுவிய பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"தங்கச்சி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளைங்க வந்துடும், சோறு வைக்கணும்."

மெர்லிமாவ் வரை போகத் தேவையான மின்சாரத்தை அந்தப் பிளக் தரும் வேகத்தால் வகுத்துப் பார்த்தேன். இருட்டிவிடும்.

"அக்கா," என்றேன், "இன்னைக்கு எல்லாருக்கும் கடையிலேர்ந்து நாசி லெமாக் சோறு வாங்கிட்டு வரட்டுமா?"