லைலின் மூன்றாவது ரெகுலேட்டர்

வெர்னாவுக்கு மென்று விழுங்கிப் பேசத் தெரியாது. லைல் ஹௌகன் பழுது பார்த்து அனுப்பிய, மின்னழுத்தத்தை அடக்கிவைக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் இரண்டும் சுத்தக் குப்பை என்று அந்த அலாஸ்கா விமானத் திடல் முழுக்கச் சொல்லிவிட்டாள். முப்பது வருஷமாக விமானங்களைப் பழுது பார்க்கிறவள் சொன்ன சொல் அது, லேசில் போகுமா? லைலிடம் வேலை கொடுத்திருந்த ஆறு விமானக்காரர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதனால்தான் மூன்றாவது ரெகுலேட்டரைத் தபாலில் போடாமல், நான்கு மணி நேரம் வண்டி ஓட்டித் தானே கொண்டுவந்தான் லைல். இதுவும் சொதப்பினால் அந்தத் திடலில் அவனுக்கு இனி வேலை கிடையாது.

"காபி இருக்கு. குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமா?" என்றாள் வெர்னா.

"தூக்குல போடறதுக்கு முன்னாடி குடுக்கற காபியா? முதல்ல விமானத்தக் காட்டு."

முதல் இரண்டையும் மாட்டிப் பார்த்த அதே விமானம்தான், நான்கு பேர் உட்காரும் சின்னது. புது ரெகுலேட்டரை மாட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டார்கள். பதினான்கு வோல்ட்டில் நிற்கவேண்டிய முள் பதினாறைத் தாண்டியது. டக்கென்று பாதுகாப்பு ரிலே மின்சாரத்தை வெட்டிவிட்டது. லைலின் முகம் தொங்கிப்போயிற்று.

"மூணாவதும் போச்சு," என்றாள் வெர்னா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறுத்தியது. மூன்று பெட்டிகள் கெட்டுப்போகலாம். மூன்றும் ஒரே மாதிரி, அதே பதினாறில் போய் நிற்கும்படி எப்படிக் கெடும்? காரணம் தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"லைல், உன் பெட்டியக் கழட்டி வெச்சிட்டு ஓட்டிப் பார்ப்போமா?"

"ரெகுலேட்டரே இல்லாமலா? பைத்தியமா உனக்கு? ஒண்ணும் வராது. முள்ளு பேட்டரியோட பன்னெண்டுலயே நிக்கும்."

"நிக்கணும். நிக்குதான்னு பார்த்துடுவோமே."

லைல் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது. பதினான்கு. பதினைந்து. பதினாறு. டக்.

"ஏய், என் மடியில இருக்கு இது!" என்று கத்தினான் லைல். "அடக்கறவன் இங்க சும்மா உட்கார்ந்திருக்கான், அது யாரக் கேட்டு ஏறுது?"

வெர்னாவுக்குக் கை பரபரத்தது. எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இரண்டு வகை உண்டு. உள்ளே இருக்கும் சுருளைத் தண்ணீர்க் குழாய் என்று வைத்துக்கொண்டால், ரெகுலேட்டர்தான் அதைத் திறந்து மூடும் திருகு. ஒரு வகையில் திருகு குழாயின் தொடக்கத்தில் இருக்கும். சுருளின் கடைசி முனை ஆல்டர்னேட்டரின் உடம்போடு சேர்ந்திருக்கும். மற்ற வகையில் திருகு கடைசியில். அதில் சுருளின் முனை உடம்பில் பட்டால், திருகுக்கு முன்பே குழாயில் ஓட்டை விழுந்த கதைதான். எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த விமானம் இரண்டாவது வகை.

லைல் சோதனை விளக்கை எடுக்க வண்டிக்குப் போனான். அதற்குள் அவள் ஆல்டர்னேட்டரை இறக்கிப் பிரித்துவிட்டாள். சுருளின் இரு முனைக்கும் மின்சாரம் கடத்தும் பிரஷ்களைப் பிடிக்கும் இரண்டு ஸ்குரூக்கள். ஒன்றின் அடியில் மின்சாரம் கடத்தாத வாஷர் இருந்தது. மற்றதன் அடியில் இல்லை. ஸ்குரூ நேராக உடம்பில் உட்கார்ந்திருந்தது.

மே மாதம் அந்த பிரஷ்களை மாற்றியவள் அவளேதான். அந்த வாரம் முதல் வகையில் ஐந்து பழுது பார்த்திருந்தாள். அவற்றுக்கு வாஷர் ஒன்றுதான். கைப் பழக்கத்தில் இதற்கும் ஒன்றே போட்டுவிட்டாள்.

மேஜை இழுப்பறை நிறைய வாஷர் கிடந்தது. ஒன்றைப் போட்டு மூட ஐந்து நிமிஷம் ஆகாது. சுருளின் உறை தேய்ந்து உடம்பில் பட்டது என்று சொன்னால் லைல் நம்புவான். அப்படி நினைத்ததற்கே அவளுக்குக் கூசியது.

"லைல், இங்க வா. இது நான் பண்ணின வேலை."

அவன் குனிந்து பார்த்தான். திட்டவில்லை.

"நீ திருப்பி அனுப்பின ரெண்டையும் மூணு நாள் ஓட்டிப் பார்த்தேன், வெர்னா. பதினாலுலேர்ந்து அசையவே இல்ல. அப்பவும், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ரெண்டையும் சுத்தியலால உடைச்சிட்டேன்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் விமானத்தின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். மே மாதம் வாஷர் போடாமல் விட்டது தான் என்றும், ரெகுலேட்டர்களில் குறை ஏதுமில்லை என்றும் எழுதி, உரிம எண்ணோடு கையெழுத்துப் போட்டாள். விமானம் எத்தனை கை மாறினாலும் அந்தப் புத்தகம் கூடவே போகும்.

"வாங்கறவன் ஒவ்வொருத்தனும் படிப்பான்," என்றான் லைல்.

"படிக்கட்டும். இன்னிக்கு சனிக்கிழமை, அந்த ஆறு பேரும் காபி ரூம்லதான் இருப்பாங்க. அவங்களுக்கு நானே படிச்சுக் காட்டறேன். நீயும் வா."

"நான் எதுக்கு?"

"பாதியில நான் ஓடிடாம வாசல்ல நின்னுக்கோ."