சாய்ந்த பெட்டிகள்

"என்ன கண்ணுங்களா, நைட் ஷிப்ட் முடிஞ்சுதா?"

எலி அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காலை ஏழு மணி. ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி, அலமாரிக்கு நாற்பது பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்கு இரண்டு சுண்டெலி. தலையில் காகிதத் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் உறை, காலில் உறை என்று அவள் நிற்கும் கோலத்தில் பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது. எலிகளுக்குத் தெரியும்.

மூளை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இது ஒன்பதாவது மாதம். பெட்டி கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தண்ணீர் பாட்டில் நிரப்ப வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. தலை நரைத்த புரொபசருக்கும் அக்காதான்.

வலது அலமாரியில் ஒரு வம்பும் கிடையாது. இடது அலமாரிதான் ஒன்றரை மாதமாக அவள் உயிரை எடுத்தது. சில நாள் காலையில் வந்து பார்த்தால் பெட்டிகள் அடியில் கட்டை வைத்தது போல ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். கட்டை வைத்தது போல என்ன, கட்டையே இருக்கும். உள்ளே இரண்டு எலியும் சரிந்துபோய் மூலையில் ஒட்டிக்கொண்டு முழிக்கும். வேறு சில நாள் மரத்தூள் சொதசொதவென்று நனைந்து கிடக்கும்.

"பெட்டியைச் சாய்ச்சுத் துடைச்சா திருப்பி நிமிர்த்தணும்னு தெரியாதா? இதுங்க வாயில்லாத ஜீவன்தானே! வீட்டுல சோபாவை இப்படிச் சாய்ச்சு வச்சா சும்மா இருப்பானா?" என்று அந்த முகம் தெரியாத சோம்பேறியைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நிமிர்த்துவாள். ஈரத் தூளை வாரிக் கொட்டிக் காய்ந்த தூளைப் போடுவாள். கூடவே ஒரு கை பஞ்சும் வைப்பாள். பஞ்சு கணக்கில் இல்லை, அது அவள் அன்பு.

முடித்ததும் கதவருகே தொங்கும் புகார் நோட்டில் எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘இடது அலமாரி, பன்னிரண்டு பெட்டி சாய்வு. 7.10க்கு நிமிர்த்தினேன். பாட்டில் ஒழுகுகிறது. தூள் மாற்றினேன். பாட்டிலை மாற்றவும்.’ கடைசி வரிக்கு அடிக்கோடு. நோட்டை யாரும் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அந்த நிலையம் சம்பளம் தரவில்லை. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி தந்தது. மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கான சீட்டு வரும். வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சீட்டைக் கொடுக்கும் சூப்பர்வைசரிடம் எதைக் கேட்டாலும் "நாளைக்குச் சொல்றேன்" என்பார். அதனால் துப்புரவு ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் நாளைக்கு சார். முந்தின வேலையில், பிஸ்கட் கம்பெனியில், அவளைப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் கேட்டில் கார்டு வைத்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். அதிலிருந்து மாதக் கடைசி வந்தாலே, சீட்டு வந்ததா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவளை மாடிக்குக் கூப்பிட்டார்கள். எலி டாக்டர் இருந்தாள். மூன்று வருடமாக இந்த எலிகளோடு மாரடிக்கும் ஆராய்ச்சிப் பெண் அவள், கண்ணுக்குக் கீழே கருவளையம். கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் இருந்தார். நாளைக்கு சாரும் இருந்தார். மேசைமேல் கம்ப்யூட்டர் திரையில், எலி அறைக் கேமரா பிடித்த படத்தில், அக்காவே இருந்தாள், கட்டையை உருவிப் பெட்டியை நிமிர்த்திக்கொண்டு.

"இது யாரு?" என்றார் நாளைக்கு சார்.

"நான்தான் சார். நல்லா விழுந்திருக்கே படம்!"

எலி டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, அந்தப் பெட்டியைச் சாய்ச்சு வைக்கிறதே நான்தான்."

"நீயாம்மா? உனக்கு என்னம்மா அதுங்க மேல கோபம்?"

"கோபம் இல்லக்கா. அதுதான் சோதனையே. பதட்டம் மூளையை என்ன பண்ணுதுன்னு பார்க்கிறோம். ஒருநாள் பெட்டியைச் சாய்ப்பேன், ஒருநாள் நனைப்பேன், ஒருநாள் விளக்கைப் போட்டு விட்டுடுவேன். எப்ப என்ன வரும்னு அதுங்களுக்குத் தெரியக் கூடாது. ஒன்பது மணி வரைக்கும் அப்படியே கிடக்கணும். ஒன்பதுக்கு இவர் நிமிர்த்தணும்."

"நான் வரும்போது நிமிர்ந்தே இருந்துச்சு," என்றார் கண்ணாடிக்காரர். "நீ சீக்கிரம் வந்து செஞ்சுட்டேன்னு நினைச்சேன்."

"நான் பத்து மணிக்கு வந்து, நீங்க செஞ்சீங்கன்னு நினைச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"எல்லாப் பெட்டியிலயும் ரெண்டு பாட்டில் இருக்குல்ல?" என்றாள் எலி டாக்டர். "ஒண்ணு சாதாத் தண்ணி, ஒண்ணு சர்க்கரைத் தண்ணி. பதட்டம் தலைக்கேறின எலிக்கு சர்க்கரை பிடிக்காமப் போயிடும். ரெண்டும் ஒண்ணுதான் அதுக்கு. ஆனா நம்ம எலிங்க சர்க்கரை பாட்டிலைக் காலி பண்ணிட்டு இன்னும் கொண்டான்னு நிக்குது. புது மாப்பிள்ளை மாதிரி கொழுத்துப்போய் கிடக்கு. ஒன்றரை மாசம் போச்சுக்கா!"

நாளைக்கு சார் தொண்டையைச் செருமினார். "மேடம், இன்னைக்கே இந்த அம்மாவை நிறுத்திட்டு வேற ஆள் அனுப்பறேன்." அவர் வாயில் ‘இன்னைக்கு’ என்ற சொல்லை அக்கா கேட்டது அதுதான் முதல்முறை.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "நான் ஒளிச்சு மறைச்சுச் செய்யலையே சார்! பெட்டி சாயுது, தண்ணி ஒழுகுதுன்னு நோட்டுல எழுதி எழுதி என் பேனா தீர்ந்துபோச்சு. ஒருத்தராவது வந்து, அப்படியே விடும்மான்னு சொன்னீங்களா?"

"எந்த நோட்டு?" என்றாள் எலி டாக்டர்.

நோட்டு வந்தது. எலி டாக்டர் முதல் பக்கத்தைப் புரட்டினாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து புரட்டினாள். தேதி, பெட்டி எண், எத்தனை மணிக்கு நிமிர்த்தியது, எத்தனை மணிக்குத் தூள் மாற்றியது, எதற்குப் பஞ்சு வைத்தது. ஒருநாள் விடவில்லை. ஓரிடத்தில், ‘பதினேழாம் பெட்டி எலி இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்றும் இருந்தது.

அவள் நோட்டோடு புரொபசர் அறைக்கு ஓடினாள். கால்மணி நேரம் கழித்து உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, எங்க சோதனையைக் கெடுத்துட்டு, அதைவிட நல்ல சோதனை ஒண்ணு செஞ்சு வச்சிருக்கீங்க. ராத்திரி பூரா கஷ்டம். ஆனா தினம் ஏழு மணிக்கு ஒருத்தர் வந்து சரி பண்ணிடுறாங்க. அதே ஆள், அதே நேரம். கேமராப் படத்தைப் பாருங்க, ஏழுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே எல்லா எலியும் பெட்டிக்கு முன்பக்கம் வந்து நிக்குது. கஷ்டம் எலியைச் சாய்க்கல. எப்ப முடியும்னு தெரியாம இருக்கிறதுதான் சாய்க்குது. புரியுதா?"

"அது எனக்கு நல்லாப் புரியும் சார்," என்றாள் அக்கா.

நாளைக்கு சாரும் புரிந்ததாகத் தலையாட்டினார்.

மறுநாளே எலி அறைக் கதவில் பெரிய அறிவிப்பு ஒட்டினார்கள். ‘சோதனை மூன்று மாதம். இடது அலமாரியை நிமிர்த்தும் நேரம் சரியாகக் காலை 7. மூன்று மாதமும் ஒரே ஆள். ஆளை மாற்றினால் எலிகள் பதட்டமடையும்.’ அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். போனில் படம் பிடித்து, பெயிண்ட் வேலைக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

"எலி தயவுல உனக்கு வேலை நிரந்தரம்!" என்று அவர் போனிலேயே கத்தினார். "பதினேழாம் பெட்டிக்காரனை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு!"

அன்று கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அக்காவுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. அது அவருக்கு மனப்பாடம். "உனக்கு டீயே வேண்டாம், பாகு காய்ச்சித் தரேன்" என்று கேலி செய்தார். "தாங்கண்ணே, அதையும் குடிப்பேன்" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் திருவிழா மாதிரி போனது. எலி டாக்டர் கையில் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றாள். புரொபசர் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து கண்ணாடி வழியாக அவளைக் காட்டினார். அக்கா பெட்டிகளை நிமிர்த்தும்போது, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்வதைக்கூட அவர்கள் நிறுத்த விடவில்லை. அதுவும் சோதனையில் சேர்த்தி.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அவள் சீட்டு கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார் சூப்பர்வைசர்.

எலி டாக்டரிடம் சொன்னாள். அந்தப் பெண் உடனே நிலையத்து ஆபீசுக்கு ஓடினாள், முகம் வாடித் திரும்பினாள். "சீட்டு கம்பெனிதான் தரணுமாம்க்கா. கம்பெனியைக் கேட்டா ஆபீஸ் கையெழுத்து வரலைங்கிறாங்க. ஆபீஸைக் கேட்டா மூணு மாசத்துக்குச் சேர்த்துப் போட விதி இல்லையாம். வந்துடும்க்கா, கவலைப்படாதீங்க. கதவுலேயே எழுதி ஒட்டியிருக்கோமே!"

கடைசி நாள் சாயங்காலமும் நாளைக்கு சார் தன் பெயரைக் காப்பாற்றினார். "நாளைக்குக் காலையில தெரிஞ்சுடும். வந்து பாருங்க."

ஒன்றாம் தேதி ஆறே முக்காலுக்கு அவள் கேட்டில் நின்றாள். கார்டை வைத்தாள். சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு.

"ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தானா கட் ஆயிடும்மா," என்றார் வாட்ச்மேன் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "கையெழுத்து வந்ததும் திறந்துடும். நான் விட்டா என் வேலை போயிடும். உட்காரு, டீ தரேன்."

அவள் நாளைக்கு சாருக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஏழுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. எலி டாக்டர்.

"அக்கா, எங்க இருக்கீங்க? இங்க கேமராவுல பார்க்கிறேன், எல்லா எலியும் முன்னால வந்து நிக்குது."

"நான் எப்பவோ வந்துட்டேம்மா. கேட்டுக்கு முன்னால நிக்கிறேன்."

"அய்யோ! இருங்க, ஆபீஸ்ல யாராவது..."

"ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்கம்மா."

வாட்ச்மேன் அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துவிட்டு, அவர் ஊற்றி வைத்திருந்த டீ டம்ளரை எடுத்தாள். கேட்டுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஏழு ஆகி முள் மெல்லத் தாண்டியது. சூடான டீயை ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள்.

"என்னண்ணே, இன்னைக்கு சர்க்கரை போட மறந்துட்டீங்களா?"

வாட்ச்மேன் அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு ஸ்பூன் போட்டேனேம்மா."