இரண்டு பேருக்கு ஒரு விளக்கு

கப்பலை விட்டு இறங்கும்போதே என் சகலை அன்றைய முதல் ஜோக்கை அடித்துவிட்டார். பாதுகாப்பு ஊழியர் அவருடைய பையைத் திறக்கச் சொன்னதும், "நல்லா பாருங்க சார், உள்ள என் மாமியார் இருந்தா நீங்களே வச்சுக்குங்க" என்றார். ஊழியர் சிரிக்கவில்லை. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருடைய மாமியார் என்றால் அவளுடைய அம்மாதானே. அதே ஜோக்கை நான் சொல்லியிருந்தால் இரண்டு நாள் வீட்டில் பேச்சு இருந்திருக்காது.

சகலை குளியலறை டைல்ஸ் விற்கிறார். நிறைய விற்றதற்குக் கம்பெனி அவருக்கு நான்கு பேர் போய்வர இந்தக் கப்பல் பயணத்தைக் கொடுத்தது. அவர் மனைவி தன் தங்கையையும் கூட்டிக்கொண்டாள். தங்கையோடு நானும் வந்தேன், பையோடு குடை வருவது மாதிரி.

நான் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்ப்பவன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு முதலில் கிடைத்த வேலை. அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி மருந்துக்கடையில் பகல் வேலை. காலையில் அவள் வாசலைத் தாண்டும்போது நான் உள்ளே நுழைவேன். சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் தாம்பத்தியம். ஒரே ஒரு முழுப் பகல் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் பழக்கப்பட்ட உடம்பு கப்பலிலும் பகலெல்லாம் தூங்கியது. கண் விழித்துப் போய்ப் பார்த்தால் அவள் நீச்சல் குளத்தின் ஓரத்தில் அக்காவோடு உட்கார்ந்து, "மாமா, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாமாவிடம் எல்லாமே அவளுக்கு அதிசயம். "மாமாவைப் பாருங்க, லிஃப்ட் பக்கமே போறதில்ல. எட்டு மாடியும் படியிலதான். நீங்களும் இருக்கீங்களே!" என்றாள். நானும் இருக்கிறேன்தான்.

இன்று துறைமுகத்திலிருந்து பழங்காலக் குகைகளைப் பார்க்கப் பயணம். பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காருவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தேன். சகலை முந்திக்கொண்டார்.

"அக்காவும் தங்கச்சியும் முன்னாடி உக்காருங்க. வா சகல, நாம பின்னாடி."

வழி முழுக்க அவர் முன் சீட்டில் தாடையை வைத்துக்கொண்டு என் மனைவியின் பின்னந்தலையோடு பேசினார். அந்தத் தலையை இவ்வளவு நேரம் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. இரண்டு நரை முடி இருந்தது. அதை அவரும் பார்த்திருப்பார்.

குகை வாசலில் வழிகாட்டிப் பெண் தலைக்கவசங்களைக் கொடுத்தாள். "உள்ள இருக்கற ஓவியங்களுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால ரெண்டு பேருக்கு ஒரு விளக்குதான்" என்றாள். இப்போதாவது என்று நான் மனைவியின் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அவள் அக்காவின் கையைக் கோர்த்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு முட்டி வலி, நான் கூட இருக்கேன். நீங்க மாமாவோட வாங்க."

முதல் கூடத்தில் சுவர் முழுக்கக் கைகள். பல்லாயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரோ பாறைமேல் கையை வைத்து, சுற்றிலும் வாயால் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். ஒரு கையில் ஒரு விரல் இல்லை.

"யாருக்கோ கடன் குடுத்துட்டான் போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சகலை அந்தக் கையை உற்றுப் பார்த்தார். "டைல்ஸ் கட்டர்ல விட்டிருக்கான். என் கடையிலயும் ஒருத்தன் இருக்கான், எண்ணச் சொன்னா ஒம்பதோட நிறுத்திடுவான்."

வழிகாட்டிப் பெண்கூடச் சிரித்தாள். "மாமா, சும்மா இருங்க!" என்று என் மனைவி அவர் தோளில் ஓர் அடி போட்டாள். சின்ன அடிதான். அது விழுந்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூடத்துக்கு ஓர் இடுக்கு வழியாகப் போக வேண்டும். பக்கவாட்டில் நடந்தால்தான் உடம்பு நுழையும், தலையையும் குனிந்துகொள்ள வேண்டும். ஒரு ஜோடி போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த ஜோடி. பெண்கள் போய்விட்டார்கள். கடைசியாக நாங்கள்.

"நீ முன்னாடி போ சகல. நான் பின்னால வெளிச்சம் காட்டறேன்" என்றார். இங்கேயும் அதிகாரமா என்று நினைத்துக்கொண்டே நுழைந்தேன். பாதி தூரத்தில் அவர் காலடிச் சத்தம் நின்றது. அடுத்த ஜோக்குக்குத் தயாராகிறார் என்று நினைத்தேன்.

"சகல, மேல இறங்குதா?"

"எது?"

"பாறை."

"இல்லையே."

"இறங்குதுடா!"

அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. பிறகு விளக்கு பாறையில் மோதும் சத்தம் கேட்டது. இருட்டாகிவிட்டது. ஈரமான ஒரு கை என் சட்டையைத் தேடிப் பிடித்தது.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். மூடின இடம்னா மூச்சு வராது. லிஃப்ட்ல ஏற மாட்டேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது, உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு உள்ள வந்தீங்க?"

"எல்லாரும் போறப்போ நான் மட்டும் எப்படி வெளிய நிக்கறது?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரிதாபமெல்லாம் இல்லை, சுத்தமான சந்தோஷம். உடனே நகரவில்லை. அவர் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

குளிர்கிடங்கில் கரண்ட் போனால் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். முன்னால் போகிறவன் கையில் படுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பான்.

"பெல்ட்டைப் பிடிங்க" என்றேன். "இங்க ஈரம். இங்க ஒரு மேடு, காலைத் தூக்கி வைங்க. இங்க வழவழன்னு இருக்கு, உங்க கடை டைல்ஸ் மாதிரி."

அவர் அழுதுகொண்டே வந்தார். "வெளிய சொல்லிடாத சகல. உன் கால்ல வேணாலும் விழறேன்."

"இந்த இடுக்குல எப்படி விழுவீங்க?"

பயணம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே நல்ல ஜோக் அது. கேட்க ஆள் இல்லை. சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். லிஃப்டிலிருந்து தொடங்கினால் நன்றாக எடுபடும். என் மனைவியின் முகம் எப்படி மாறும் என்பதுவரை பார்த்துவிட்டேன்.

வெளிச்சம் தெரிந்ததும் பெல்ட்டிலிருந்த கை விலகி என் தோளுக்கு வந்தது. பெண்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேரும் வேர்த்து நனைந்திருந்தோம்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் சகலை. "விளக்கு அணைஞ்சதும் சகலைக்குக் கைகால் ஆடிப்போச்சு. நான்தான் தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி அக்காவின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். சிரிக்கவில்லை. துப்பட்டா முனையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

"ராத்திரியெல்லாம் அந்தக் கிடங்குலதானே இருக்கீங்க? தினமும் இப்படித்தான் பயப்படறீங்களா? ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்தக் கை கழுத்தை விட்டுப் போய்விடும். போய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் பயம்தான்" என்றேன்.

சகலை என்னை நன்றியோடு பார்த்தார். அவருக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும்.

திரும்பும்போது, "அக்கா, நீ மாமாவோட உக்காரு" என்று அவளே சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கிடங்கின் கதவு உள்ளிருந்து திறக்குமா, கரண்ட் போனால் என்ன செய்வேன் என்று கல்யாணமானதிலிருந்து கேட்காததையெல்லாம் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பயத்தைச் சேர்த்துச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். நான் கேட்ட பகல் இதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க கூட இல்லன்னா என்ன ஆயிருக்கும் மாமா? ரொம்ப தேங்க்ஸ்."

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

கப்பலுக்குள் போனதும் நான் லிஃப்டின் பொத்தானை அழுத்தப் போனேன். அவள் தடுத்தாள்.

"இது வேணாங்க, மூடின இடம். மாமாவோட படியிலயே போயிடலாம். நானும் வரேன்."

அக்கா முட்டியைக் காட்டிவிட்டு லிஃப்டில் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். நாலாவது மாடியில் சகலைக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "குகையில கை வச்சிட்டுப் போனானே, அவன் மட்டும் என் கடைக்கு வந்திருந்தா சுவரைக் கழுவற மாதிரி டைல்ஸ் குடுத்திருப்பேன். நமக்கும் இவ்வளவு தூரம் அலைச்சல் மிச்சம்" என்றார்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்கிறதா என்று கவனித்தேன். தளர்ந்தது. கொஞ்சம்தான்.

படிக்கட்டு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றேன்.

பிடி இறுகியது.