ஒன்றுமில்லை என்றவள்

மத்தியான மழை பிடித்துக்கொண்டால் எரேதியா நகரின் அந்த ரொட்டிக்கடையில் நிற்க இடமிருக்காது. வாசல் வாளியில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடி அடுக்குக்குப் பின்னால் தனேலியா ஒரு கையால் இடுக்கியைப் பிடித்து இறைச்சி அடைத்த எம்பனாதாவை எடுத்துக்கொண்டே, மறு கையால் காப்பிக் குழாயைத் திருப்பினாள். கோப்பையை வாங்கியவர்கள் எல்லாரும் நன்றி சொன்னார்கள். எல்லாருக்கும் அவள், "கோன் மூச்சோ குஸ்தோ" என்றாள். மிக்க மகிழ்ச்சியோடு என்று அர்த்தம். கோஸ்தா ரிக்காவில் நன்றிக்கு அதுதான் பதில்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அவள் பிறந்த நிக்கராகுவாவில், "தெ நாதா" என்பார்கள். ஒன்றுமில்லை என்று. சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வை பார்க்கும் தோன்யா சீனியா அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணுமில்லன்னா என்னம்மா அர்த்தம்? நாம குடுத்த காப்பி ஒண்ணுமில்லையா? வாயத் தொறந்த உடனே எந்த ஊருன்னு தெரிஞ்சிடுது. இங்க வர்றவங்களுக்கு அது பிடிக்காது."

தனேலியா பேருந்தில் உதட்டை அசைத்து அசைத்துப் பழகினாள். முகப்பில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் முதலாளி கையெழுத்திட்ட கடிதம் கிடைக்கும். அது இல்லாமல் குடியேற்ற அலுவலகத்தில் அவளுடைய வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அட்டை இருந்தால்தான் ஊரில், சின்னந்தேகாவில், தங்கையிடம் விட்டுவந்த ஆறு வயது மகளைக் கூட்டிக்கொள்ள முடியும். மூன்று மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.

ஜன்னலோர மேசையில் நாற்காலி சரிந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் தோன் எவேலியோ இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. யாரோ தண்ணீர் என்று கத்தினார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். பெரியவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

தனேலியா முகப்பின் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடினாள். ஊரில் தையல் ஆலையில் இருந்தபோது செஞ்சிலுவைக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே கை முஷ்டியை வைத்து உள்ளே இழுத்துத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. நான்காவது இழுப்பில் ஒரு மாட்டிறைச்சித் துண்டு தரையில் வந்து விழுந்தது. பெரியவர் மூச்சை இழுத்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

கண்ணில் நீர் வழிய அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நன்றி, மகளே. நன்றி."

"தெ நாதா" என்றாள். "தெ நாதா, ஐயா."

அடுத்த மேசைப் பெண்மணி கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாள். "அட, அந்தப் பக்கத்து நிக்காப் பொண்ணா நீ? நான் இத்தனை நாளா நம்ம கார்த்தாகோ பக்கம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"பெரியவரு உசுரு ஒண்ணுமில்லையாம், கேட்டீங்களா!" என்றார் வாசலில் நின்ற ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். தோன் எவேலியோ சிரிக்கவில்லை. அவள் கையை விடவும் இல்லை.

சாயங்காலம் சீனியா அவளை மாவு மூட்டை அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"நீ செஞ்சது நல்ல காரியம். நான் இல்லேன்னு சொல்லல."

"சரிங்கம்மா."

"ஆனா ரெண்டு பேரு வந்து கேட்டுட்டாங்க, எப்பலேர்ந்து இந்த மாதிரி ஆளுங்கள முன்னால நிறுத்தறீங்கன்னு. முதலாளி காதுக்கும் போயிடுச்சு. நாளைலேர்ந்து உள்ள தட்டு கழுவு. சத்தம் அடங்கட்டும், அப்பறம் பாப்போம்."

"கடிதம்?"

"அது முன்னால நிக்கறவங்களுக்குத்தான். உனக்கே தெரியும்."

தனேலியா கவசத்துணியின் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். "அம்மா, எங்க ஊர்ல ஒண்ணுமில்லன்னு சொன்னா, செஞ்சது பெருசில்ல, நீங்க எனக்குக் கடன்பட்டவங்க இல்லன்னு அர்த்தம். மனசுல பாரமா வெச்சுக்காதீங்கன்னு. அவரு அழுதிட்டிருந்தாரும்மா. மகிழ்ச்சியோடன்னு எப்படிச் சொல்றது?"

சீனியா கதவுப் பக்கம் நகர்ந்தாள். "இந்த விதிய நான் போடல, பொண்ணே" என்று விளக்கை அணைத்தாள்.

உள்ளே அடுப்பின் காற்றாடி இரைச்சலில் முகப்பில் பேசுவது எதுவும் கேட்காது. தீய்ந்த சர்க்கரையைச் சுரண்டிச் சுரண்டி முதல் வாரத்திலேயே அவள் விரல்நுனிகள் வெடித்தன. அட்டையின் தேதி கடந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மகள், "எப்ப வர்றது?" என்றபோது, "மழை நிக்கட்டும்" என்றாள்.

பத்தாம் நாள் காலை, சமையல்காரி மரியேலோஸ் கோப்பைக் கூடையோடு ஒரு கண்ணாடி ஜாடியையும் தொட்டிமேல் வைத்தாள். கொழகொழத்த தண்ணீரில் வெள்ளைப் பூக்கள் பழுப்பேறி நாறின.

"இது எங்க இருந்துச்சு, அக்கா?"

"கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு வாரமா இருந்துச்சே. வர்றவங்க எல்லாம் அழகா இருக்குன்னாங்க. உனக்குத் தெரியாதா?"

தண்டுகளை அள்ளி எடுத்தபோது நூலில் கட்டிய சிறு அட்டை ஒன்று கையோடு வந்தது. மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'எங்கள் அப்பாவுக்கு மூச்சைத் திருப்பித் தந்த பெண்ணுக்கு. நன்றி. எவேலியோவின் மகள்.'

"சீக்கிரம் கழுவு" என்றாள் மரியேலோஸ். "முன்னால ஜாடி கேக்கறாங்க, புதுப் பூ வந்திருக்காம்."

தனேலியா அட்டையை ஈரம் போகத் துடைத்து உடைக்குள் செருகிக்கொண்டாள். ஜாடிக்குள் கையை விட்டு, அடியில் ஒட்டியிருந்த பச்சை வழவழப்பை வெடித்த விரல்களால் தேய்க்கத் தொடங்கினாள்.