நாலாவது கதவு

போகொமிலுக்கு வெட்கம், மானம் எதுவும் கிடையாது. ஹாஸ்கோவோ ஊரில் வேறு பெயின்ட் பட்டறையே இல்லாததுபோல, நெத்யால்காவின் பட்டறை வாசலிலேயே அந்த மஞ்சள் டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினான், பாவி. அவளுடைய கணவன் ஸ்த்ராவ்கோ செத்தது இவன் விற்ற காரில்தான். அடிபட்ட இரண்டு கார்களை வெட்டி ஒட்டிய வண்டி; ஒரு மழைநாளில், வளைவில், நடுவே பிளந்துகொண்டது. வேகமாக ஓட்டினான் என்று சொல்லிக் கோர்ட்டும் கையைக் கழுவிவிட்டது.

அவளை அறுத்தது இன்னொன்று. வாங்குவதற்கு முன் நாலு கதவையும் திறந்து பார்த்தவள் அவளேதான். கதவுச் சட்டத்தின் உள்பக்கத்தைக்கூட அவ்வளவு சுத்தமாகப் பூசியிருந்தார்கள். பெயின்ட்டிலேயே பிழைக்கிற கண் அன்று ஏமாந்துபோனது.

"பழசயெல்லாம் மனசுல வச்சுக்காத தங்கச்சி," என்றான் போகொமில். "உன் புருஷன் பறந்தான், போய்ச் சேந்தான். அதுக்கு நானா பொறுப்பு? இத வெள்ளையா மாத்திக் குடு. கதவுக்கு உள்ளயும் பூசணும். ஞாயித்துக்கெழம சந்தைக்கு வேணும்."

"உனக்கு எப்பவும் பெயின்ட் அடிக்கிற ஆளு எங்க போனான்?" என்றாள் நெத்யால்கா.

"ஜெர்மனிக்கு ஓடிட்டான், நன்றி கெட்ட நாயி."

தின்னரை அவன் தலையில் ஊற்றிக் கொளுத்தலாமா என்று இருந்தது அவளுக்கு. "வச்சுட்டுப் போ," என்றாள்.

மூன்று கதவுகளின் உள்சட்டத்தைத் தேய்த்து ஒழுங்காக வெள்ளை பூசினாள். வலப்பக்கப் பின்கதவில் மட்டும் அழுக்கைத் துடைத்ததோடு சரி. பிறகு, வண்டியின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடிக்கும் முன், நாலுக்கும் மறைப்புக் கட்டினாள். உள்ளே காகிதம், விளிம்பில் உருண்டையான நுரை டேப். கதவைச் சாத்தினால் டேப் இடுக்கை அடைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஒரு தரம் ஒட்டியது போதுமாக இருந்தது. அந்த நாலாவதற்கு மட்டும் பிரித்துப் பிரித்து ஒட்டினாள். வெளியே முதல் பூச்சாக அடிக்கிற பிரைமரின் தூசி ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது. வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால், எங்கேயோ உரசியதென்று சொல்லிப் போகொமில் தப்பித்துவிடுவான். மஞ்சள் முழு மஞ்சளாக இருக்க வேண்டும். அவள் வாழ்நாளில் அத்தனை கவனமாக எதையும் மறைத்ததில்லை.

சனிக்கிழமை ராத்திரி வண்டியை எடுக்க வந்த போகொமில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுகளைத் திறந்து குனிந்து பார்த்தான். திருப்தி. மறுபக்கம் போகப் போனான்.

"அந்தப் பக்கம் இப்பதான் பூசினேன். ரப்பர்ல ஒட்டி உரிஞ்சுட்டு வந்தா என்கிட்ட வந்து நிக்காத," என்றாள்.

அவனும் தொழில் தெரிந்தவன்தானே, நம்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவளும் நின்றாள். மனோல் என்கிற கறிக்கடைக்காரன், மனைவி பாவ்லினாவோடும் கைக்குழந்தையோடும் அந்தக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"ஜெர்மனில ஒரு வயசான வாத்தியார் வச்சிருந்த வண்டி அண்ணே. கோயிலுக்குப் போக மட்டுந்தான் எடுப்பார். பொறந்ததுலேர்ந்து வெள்ளை. என் பொண்ணு மேல சத்தியம்!" என்று அளந்தான் போகொமில்.

மனோல் பேரத்தை முடிக்கக் கையை நீட்டினான். நெத்யால்கா எட்டிப் பார்த்தாள். கை குலுக்கிவிட்டால் போச்சே! அதற்குள் குழந்தையை உட்காரவைக்க பாவ்லினா வலப்பக்கப் பின்கதவைத் திறந்தாள்.

"ஐயோ, என்னங்க இது? டாக்ஸி மஞ்சள்!"

சந்தையே திரண்டது. மனோல் போகொமிலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "பொண்ணு மேலயாடா பொய்ச் சத்தியம் பண்ற?"

"பெயின்ட் அடிச்சவ பண்ண சதி அண்ணே! அதோ நிக்கறா பாரு!"

"ஆமா, நான்தான்," என்று முன்னால் வந்தாள் நெத்யால்கா. "வெட்டி ஒட்டின வண்டிய இவன் எங்க தலையில கட்டினான். என் ஸ்த்ராவ்கோ அதுலதான் செத்தான்." கூட்டம் போகொமிலை நெருங்கிச் சூழ்ந்தது.

போகொமில் கெஞ்சலுக்கு இறங்கினான். "என்ன வேணும், சொல்லு தங்கச்சி. குடுத்துடறேன்."

"ஒண்ணும் வேணாம்," என்றாள். "வர்ற ஞாயித்துக்கெழமயும் வருவேன். அதுக்கு அடுத்ததும் வருவேன். நீ கொண்டாற ஒவ்வொரு வண்டியோட கதவையும் நானே தொறந்து காட்டுவேன், சாகிற வரைக்கும்."